ரூட் கேனால் செய்யப் போகிறவர்களுக்கு: முதல் வலியிலிருந்து கேப் போடும் வரை

கடவாய்ப் பல்லில் வலி என்று போய், டாக்டர் "ரூட் கேனால் பண்ணோணுங்க" (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) என்று சொன்னதும் நமக்கு வரும் கேள்விகள் மூன்றுதான். வலிக்குமா, எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ஆகும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் எனக்கு ஆரம்பத்தில் கிடைக்கவில்லை. முதலில் போன கிளினிக்கில் சொன்ன தொகையில், கடைசியில் பல்லின் மேல் போடும் உறையான கேப் சேராது என்பதை வேலை பாதி நடந்த பிறகுதான் சொன்னார்கள். வேறு இடத்துக்கு மாறலாம் என்றால் எக்ஸ்ரேயைக் கையில் கொடுக்க மனமில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலி நிற்பது ஒரு கட்டம்; சிகிச்சை முடிவது வேறு கட்டம். இரண்டுக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

1. வலி எந்த மாதிரி என்று கவனியுங்கள்

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி இருக்கிறது. அதற்குப் பல்ப் என்று பெயர். பெரும்பாலும் சொத்தை அதுவரை இறங்கினால்தான் ரூட் கேனால் தேவைப்படும். ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்று கூசி, சில நொடிகளில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் சாதாரண ஃபில்லிங்கிலேயே முடிந்துவிடும். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் குடைந்தால், ஒன்றுமே சாப்பிடாதபோதும் வலி கிளம்பினால், ராத்திரி படுத்ததும் அதிகமானால், சூடான டீ பட்டதும் துடித்தால், நரம்பு இனி தேறாது என்பதற்கு அவை அடையாளம்.

இதைவிட ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. பல நாள் வலித்த பல், திடீரென்று தானாகவே அமைதியாகிவிடும். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதுதான் உண்மை. கிருமி வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஈறில் கொப்புளம் வரும், சீழ் வடியும், கடித்தால் பல் உயர்ந்து நிற்பது போலத் தெரியும். நோம்பி முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது பெரும்பாலும் இந்த அமைதியான காலத்தில்தான் நடக்கிறது. அப்போதே போனால் ரூட் கேனாலுக்குப் பல் மிஞ்சியிருக்கும்.

முகம் வீங்கி, கூடவே காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமானாலோ, வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். பல் கிருமி கழுத்துக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

2. மருந்துக்கடையிலேயே முடித்துக்கொள்ளாதீர்கள்

மருந்துக்கடையில் "பல் வலிங்க" என்றால் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நரம்பு வீங்கியதால் வரும் வலியை ஆன்டிபயாட்டிக் குணப்படுத்தாது. செத்த நரம்பில் ரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேரவே வழியில்லை. வீக்கம் பரவும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும்தான் அதற்கு வேலை. அப்போதும் டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை.

வலி மாத்திரையிலும் கவனம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை ஆகாது. டாக்டரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது, கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து மணிக்கணக்கில் அடைப்பது இரண்டும் ஈறைப் புண்ணாக்கும்.

3. எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்

பி.டி.எஸ். படித்த எந்தப் பல் டாக்டரும் ரூட் கேனால் செய்யலாம். முன்பல், வேர் நேராக இருக்கும் பல் என்றால் பக்கத்து ஊர் கிளினிக்கே போதும். கடைசிக் கடவாய், வேர் வளைந்த பல், ஏற்கெனவே ஒருமுறை செய்து கெட்டுப்போன பல் என்றால் எம்.டி.எஸ். மேற்படிப்பில் எண்டோடான்டிக்ஸ் (ரூட் கேனாலுக்கான சிறப்புப் பிரிவு) முடித்தவரிடம் போவது நல்லது. சிறு ஊர்க் கிளினிக்குகள் பலவற்றில் இந்த நிபுணர் குறிப்பிட்ட நாளில் மட்டும் வந்து போவார். எந்தக் கிழமை வருவார் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாராக இருந்தாலும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும்; சுவரிலோ மருந்துச் சீட்டிலோ அது தெரியும்.

செலவு கட்டாது என்பவர்களுக்கு நம் பக்கம் ஒரு நல்ல வசதி உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகள் இங்கே நிறைய. கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் பக்கம் ஆர்.வி.எஸ்., திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். மற்றும் விவேகானந்தா, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா, சேலத்தில் விநாயகா மிஷன் எனக் கொங்குக்குள்ளேயே பல கல்லூரிகள் இருக்கின்றன. பவானிக்காரர்களுக்குக் குமாரபாளையம் காவிரிப் பாலம் தாண்டினால் போதும். அங்கே மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்கள். கட்டணம் பெரும்பாலும் கிளினிக்கைவிடக் கணிசமாகக் குறைவு. அதற்கு ஈடாக நேரம் கொடுக்க வேண்டும். கிளினிக்கில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு அங்கே அரை நாள் ஆகலாம், வரவும் அதிகம். காலையிலேயே போய்விடுங்கள். பரீட்சை, விடுமுறைக் காலத்தில் வேலை நடுவில் நின்றுபோகாமல் இருக்க, "உங்களுக்குப் பிறகு யாருங்க பார்ப்பாங்க?" என்று மாணவரிடம் கேட்டுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முதுகலை மாணவர் செய்கிறார் என்றால் கடினமான பல்லுக்கும் தயங்க வேண்டியதில்லை.

மில், பனியன் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், கைக்காசைப் போடும் முன் உங்கள் டிஸ்பென்சரியில் பல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று விசாரியுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

கல்லூரி, அரசு மருத்துவமனை என்றால் புறநோயாளிப் பதிவுக்கு ஆதாரும் போன் நம்பரும் கேட்பார்கள். கொடுக்கும் ஓ.பி. சீட்டைத் தொலைக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. என்றால் அந்த அட்டை.

அதைவிட முக்கியம், நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள். பெயர் ஞாபகம் இல்லையென்றால் அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள், பல்லுக்குப் போகிறோம் என்று தாங்களாக அதை நிறுத்தவே கூடாது. பல் டாக்டரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் அவர் இதய டாக்டரிடம் பேசட்டும். இதய வால்வு மாற்றியவர்கள், பெனிசிலின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள் இதைக் கேட்காமலே முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

5. நாற்காலியில் சாயும் முன் மொத்தத் தொகையைக் கேளுங்கள்

பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது. "ரூட் கேனால் இவ்வளவு" என்று சொல்லும் தொகை, பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைப்பதற்கு மட்டும்தான் பல இடங்களில். எக்ஸ்ரே தனி. உடைந்த பல்லைக் கட்டி எழுப்பும் ஃபில்லிங் தனி. வேருக்குள் போஸ்ட் என்ற தாங்கு கம்பி வைக்க வேண்டியிருந்தால் அது தனி. மேலே போடும் கேப் தனி. அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "டாக்டருங்க, கேப் போட்டு முடிக்கிற வரைக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க ஆகும்? எத்தனை தடவை வரோணும்?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

நான் விசாரித்த வரையில் நம் ஊர்களின் தனியார் கிளினிக்குகளில் கடவாய்ப் பல் ரூட் கேனாலுக்கு மட்டும் சுமார் 3,000 முதல் 7,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். முன்பல் என்றால் கொஞ்சம் குறையும். நிபுணர், மைக்ரோஸ்கோப் என்றால் ஏறும். கேப்பில் முழு மெட்டல் 1,500 முதல் 3,000 வரை, உள்ளே மெட்டலும் வெளியே செராமிக்கும் உள்ளது 3,000 முதல் 5,000 வரை, ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைச் செராமிக் 7,000-க்கு மேல். ஊருக்கு ஊர் மாறும் தொகைதான் இது, ஆனாலும் பேசுவதற்கு ஒரு அளவுகோல் கையில் இருக்கும். மொத்தத்தையும் முதல் நாளே கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பிரித்துக் கட்டலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். விபத்தில் அடிபட்ட பல்லைத் தவிர மற்ற பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. வெளிநோயாளிச் செலவுக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும் பாலிசித் தாளைப் பாருங்கள். அப்பா அம்மாவுக்குச் செய்கிறீர்கள், அவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள், மருத்துவக் காப்பீடும் இல்லை என்றால், பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்யும் நீங்கள் அவர்களின் மருத்துவச் செலவை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்த பணம் அதில் சேராது, அதனால் ஜிபே, கார்டு, காசோலை ஏதாவது ஒன்றில் கட்டிப் பில் வாங்குங்கள்.

"பிடுங்கிட்டாச் சில நூறு ரூபாயோட போச்சு" என்று சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் இருப்பார். பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் செயற்கைப் பல்) கட்டினால் இருபக்கமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) என்றால் ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்த செலவைவிட அதிகம். ஆனால் பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தாலோ, ஈறு நோயால் நன்றாக ஆடினாலோ, கேப்பைத் தாங்கும் அளவுக்குப் பல்லே மிஞ்சவில்லை என்றாலோ பிடுங்குவதுதான் சரி. "இந்தப் பல் நிக்குமுங்களா?" என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

6. சிகிச்சை நாளில் என்ன நடக்கும்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சாப்பிட்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு சிட்டிங் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை இருக்கும்.

முதலில் மரத்துப் போக ஊசி. குத்தும்போது மட்டும் சுருக்கென்று இருக்கும். வலியும் வீக்கமும் உச்சத்தில் இருக்கும் பல்லில் மரப்பு சரியாகப் பிடிக்காது; அப்போது இன்னொரு ஊசி தேவைப்படும். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், இடது கையைத் தூக்குங்கள் என்று டாக்டரே சொல்வார். சொல்லாவிட்டாலும் தூக்குங்கள்.

அடுத்து, அந்தப் பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். ரப்பர் டேம் என்று பெயர். எச்சிலில் உள்ள கிருமி பல்லுக்குள் போகாமலும், உள்ளே ஊற்றும் மருந்தும் சிறு ஊசிகளும் தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கும். இதைப் போடுவீர்களா என்று முன்பே கேட்கலாம். போடும் இடம் கவனமான இடம். பிறகு பல்லின் மேலே துளையிட்டு, ஃபைல் என்ற மெல்லிய அரங்களால் வேரின் குழாய்களை (கேனால் என்பது இதுதான்) சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். தொண்டையிலோ ஈறிலோ எரிந்தால் உடனே கையைத் தூக்குங்கள்.

முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாய்தான். கீழ்க் கடவாயில் பொதுவாக மூன்று, சிலருக்கு நான்கு. மேல் முதல் கடவாயில் நான்காவது குழாய் அடிக்கடி இருக்கும், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் மாதக்கணக்கில் கழித்து வலி திரும்பும். "எத்தனை கேனால் கிடைச்சதுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சீழ் இல்லாத பல்லை ஒரே சிட்டிங்கில் முடிப்பதும் உண்டு. சீழ் இருந்தால் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, ஓரிரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் குழாய்களை அடைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த வெள்ளைக் கோடு வேர் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்து நிற்க வேண்டும். திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

7. இடைப்பட்ட நாட்களில்

மரப்பு இறங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அதுவரை எதையும் மெல்லாதீர்கள். உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. அடுத்த இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது மந்தமாக வலிக்கலாம், அது இயல்பு. நாளுக்கு நாள் ஏறினாலோ வீங்கினாலோ போன் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது: சந்தகை, குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு, ராகிக் கூழ். கரும்பு, முறுக்கு, கடலைக்காய், நாட்டுக்கோழி எலும்பு எல்லாம் கேப் வரும்வரை அந்தப் பக்கத்துக்கு வேண்டாம். தற்காலிக அடைப்பு உடைந்தாலோ விழுந்தாலோ மறுநாளே போய்த் திரும்ப அடைத்துக்கொள்ளுங்கள். அது திறந்து கிடந்தால் சுத்தம் செய்த குழாய்க்குள் எச்சில் இறங்கி, செய்த வேலை வீணாகிவிடும்.

8. கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். வலி போய்விட்டது, கையில் காசும் கரைந்துவிட்டது, ஷிப்டை விட்டால் சம்பளம் போகும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று தோன்றும். துளையிட்டுக் குடைந்த கடவாய்ப் பல் ஓடு மட்டும் மிஞ்சிய தேங்காய் மாதிரி. ஒரு கடி கடித்தால் நெடுக்கே பிளந்துவிடும். அப்படிப் பிளந்த பல்லைக் கட்டிக் காப்பாற்ற முடியாது. குழாய் அடைத்த பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கேப் போட்டுவிடுங்கள். முன்பல்லில் நிறையப் பல் மிச்சமிருந்தால் கேப் இல்லாமல் ஃபில்லிங்கோடு விடலாம், டாக்டரே சொல்வார்.

பணம் குறைவு என்றால் கேப்பை விடாதீர்கள், வகையை மாற்றுங்கள். பின்னால் இருக்கும் கடவாய்க்கு முழு மெட்டல் கேப் நன்றாகவே உழைக்கும், பல்லையும் குறைவாகத்தான் சீவ வேண்டும். வெளியே தெரியாத பல்லுக்கு ஜிர்கோனியாதான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், ஏன் என்று காரணம் கேளுங்கள். வெள்ளியாகத் தெரிவது பிடிக்காது என்றால் அது உங்கள் விருப்பம், அதற்கும் மரியாதை உண்டு.

கேப்புக்கு இரண்டு வரவு. முதல் வரவில் பல்லைச் சீவி அளவு எடுப்பார்கள். லேப்பிலிருந்து வர ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டாம் வரவில் ஒட்டுவார்கள். ஒட்டும் முன் கடித்துப் பாருங்கள்; அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், தேய்த்துச் சரிசெய்வார்கள். உயரமான கேப்போடு வீட்டுக்குப் போனால் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும்.

9. கையில் வாங்கி வைக்க வேண்டியவை

முதல் எக்ஸ்ரே, குழாய் அடைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரே, இரண்டும் வேண்டும். டிஜிட்டல் என்றால் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் போதும், ஒரு நிமிட வேலை. எந்தப் பல், எத்தனை கேனால், எந்தத் தேதியில் முடிந்தது, உள்ளே ஃபைல் ஏதாவது முறிந்து நின்றதா என்பது சீட்டில் இருக்க வேண்டும். முறிந்த ஃபைல் எப்போதும் ஆபத்தில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜிர்கோனியா போட்டால் லேப் கொடுக்கும் வாரன்ட்டி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் காசில் எடுத்த எக்ஸ்ரே உங்களுக்கு வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். இவை கையில் இருந்தால் வேறு டாக்டரிடம் மாறும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

10. முடிந்த பிறகும் ஒரு கண் வையுங்கள்

கேப்புக்குக் கீழே, ஈறு சேரும் விளிம்பில் மறுபடி சொத்தை வரலாம். நரம்பு இல்லாததால் வலித்துச் சொல்லாது. அதனால் விளிம்பில் பிரஷ் நன்றாகப் படட்டும், பற்களுக்கு இடையே நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஒரு எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் சுருங்கியிருக்கிறதா என்று பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கொப்புளம் திரும்பினாலோ கேப் ஆடினாலோ உடனே போங்கள். ரூட் கேனாலை இரண்டாம் முறை செய்யவும் வழி உண்டு, வேர் நுனியில் சிறு அறுவை செய்யவும் வழி உண்டு. அதற்கு முதலில் எம்.டி.எஸ். எண்டோடான்டிஸ்டிடம் அந்தப் பழைய எக்ஸ்ரேக்களைக் காட்டுங்கள்.